வீல்பேரோ வாங்கப் போகிறீர்களா? தொட்டியைக் கடைசியாகப் பாருங்கள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டி இருக்கும் சமூகத் தோட்டத்துக்கு ஒரு வீல்பேரோ, அதாவது மண்ணும் கல்லும் தள்ளிக்கொண்டு போகும் கைவண்டி, வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, "வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா வாங்கிடுவோம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்ட, அடுத்த வாரமே இரண்டு சக்கரம் வைத்த பச்சைத் தொட்டி ஒன்று லோரியில் வந்து இறங்கியது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் தோட்டத்தின் வேலிக் கதவுக்குள் அது நுழையவில்லை. கதவு 70 செ.மீ., வண்டி 76 செ.மீ. அந்த 6 செ.மீ.க்காக ஒரு மாதம் முழுக்க மண்ணை வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து கொட்டி, அங்கிருந்து வாளியில் அள்ளிக்கொண்டு உள்ளே நடந்தோம். வாளி தூக்கி முதுகு போகிறது என்றுதான் வண்டியே வாங்கினோம்! பத்து வருடத்துக்கு மேல் கட்டுமான சைட்டில் வீல்பேரோ தள்ளியவன் நான். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் தலையாட்டினேன்.

தமிழில் தள்ளுவண்டி என்று சொன்னால் நம் மனதில் கடலை வண்டிதான் வந்து நிற்கும், அதனால் வீல்பேரோ என்றே எழுதுகிறேன். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் மலாய்க்காரர் யாரும் இருந்தால் கெரேத்தா சோரோங் என்று கேளுங்கள், உடனே எடுத்துக் காட்டுவார்.

எங்களுக்கு நடந்ததுதான் பலரும் செய்கிற முதல் தவறு. கடைக்குப் போனதும் கண் நேராகத் தொட்டிக்குப் போகிறது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று. வண்டி எந்த வழியில் போகப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. மண் மூட்டை இறங்கும் இடத்திலிருந்து அது போய்ச் சேரவேண்டிய இடம்வரை ஒரு தடவை அளவு நாடாவோடு நடந்து பாருங்கள். ஆகக் குறுகலான இடம் எது, எத்தனை படி, எங்கே திருப்பம், எங்கே சாய்தளம், எங்கே புல்தரை, கால்வாய் மேல் போட்ட கம்பி மூடியின் இடைவெளி எவ்வளவு, மின்தூக்கியில் ஏற வேண்டுமா, எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பாத்திகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற இடமென்றால் ஒற்றைச் சக்கரம்தான் சரி. அது ஒரு பலகை மேல்கூட ஓடும், நின்ற இடத்தில் திரும்பும், பக்கவாட்டில் சாய்த்துக் கொட்டவும் செய்யலாம். இரட்டைச் சக்கரம் சமதளத்தில் சாயாது, கை நடுங்குகிற வயதானவர்களும் தைரியமாகத் தள்ளலாம். ஆனால் பக்கவாட்டுச் சரிவில் போனால் தரை சாய்கிற பக்கம் வண்டியும் சாயும், ஒற்றைச் சக்கரத்தில் செய்வதுபோல் கையால் நிமிர்த்திப் பிடித்து ஓட்ட முடியாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் கைப்பிடி வெடுக்கென்று திரும்பி விலாவில் இடிக்கும். பட்டவன் சொல்கிறேன்.

அடுத்தது எடை. இதில்தான் முதுகு போகிறது. எந்தப் பொருளை ஏற்றப் போகிறீர்கள் என்பதை விட்டுவிட்டு, 100 லிட்டர் தொட்டி, 150 லிட்டர் தொட்டி என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, அது எல்லாருக்கும் தெரியும். கான்கிரீட் கலவை ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 2.4 கிலோ. காய்ந்த மணல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல், நனைந்தால் இரண்டு கிலோவை நெருங்கும். கூட்டிப்போட்ட காய்ந்த இலை லிட்டருக்கு 100 கிராம்கூட வராது. ஆக, ஒரே 100 லிட்டர் தொட்டியில் இலையை நிரப்பினால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தள்ளிக்கொண்டு போகும், கான்கிரீட்டை நிரப்பினால் 240 கிலோ, இரண்டு ஆள் சேர்ந்தாலும் நகராது. நம் ஊரில் இன்னொரு தொல்லை, மழை. வருடத்துக்கு 2,100 மி.மீ.க்கு மேல் கொட்டுகிற இடத்தில் காலையில் பார்த்த மண் சாயங்காலம் அதே எடையில் இருக்காது. அதே தொட்டி, அதே அளவு மண், மழைக்கு அப்புறம் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

அதனால் இலை தழை, தேங்காய் நார், வெட்டிப்போட்ட கிளை இதற்கெல்லாம் பெரிய, ஆழமான, லேசான பிளாஸ்டிக் தொட்டி வாங்குங்கள். மணல், ஜல்லி, கலவைக்குச் சின்னத் தொட்டி, கெட்டியான இரும்பு. கலவை என்றால் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது, ஏனென்றால் அது ஓரிடத்தில் நிற்கிற சரக்கு இல்லை. வண்டி ஒரு கல்லில் ஏறினால் கலவை முழுக்க ஒரு பக்கம் ஓடும், வண்டியும் அதன் பின்னாலேயே சாயும். சைட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நான் கவிழ்த்த வண்டிகளை எண்ணினால் ஒரு சின்னத் திண்ணை கட்டியிருக்கலாம்.

எடையைப் போலவே, அது தொட்டிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். வீல்பேரோ ஒரு நெம்புகோல். சக்கரத்தின் அச்சு ஒரு முனை, உங்கள் கை மறுமுனை, சுமை நடுவில். அச்சிலிருந்து கைப்பிடி 130 செ.மீ. தூரம் என்று வையுங்கள், 90 கிலோ மண். மண்ணின் நடுப்பாகம் அச்சிலிருந்து 45 செ.மீ.யில் இருந்தால் உங்கள் கைக்கு வருவது சுமார் 31 கிலோ, மீதியைச் சக்கரம் சுமக்கும். அதே மண்ணைச் சோம்பலாகப் பின்பக்கம் கொட்டி 65 செ.மீ.யில் வைத்தால் கைக்கு 45 கிலோ. ஒரு கிலோகூட அதிகம் ஏற்றாமலேயே 14 கிலோ கூடிவிட்டது. ஆகவே கனமானதை எப்போதும் சக்கரத்துப் பக்கம் வையுங்கள், செங்கல்லை அடுக்கும்போதும் முன்னாலிருந்து அடுக்குங்கள். வாங்கும்போதும் இதைக் கவனிக்கலாம்: சில வண்டிகளில் தொட்டி சக்கரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும், சிலவற்றில் சக்கரம் எங்கேயோ முன்னால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். முதல் வகைதான் கைக்குச் சுகம். பழைய காலச் சீனர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய சக்கரத்தை வண்டியின் நடுவிலேயே வைத்து, சுமையை அதன் மேலும் இரு பக்கமும் ஏற்றிவிட்டால், தள்ளுகிறவர் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

கடையில் காலி வண்டியைத் தள்ளிப் பார்த்து வாங்காதீர்கள். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அங்கேயே இருக்கும் சிமெண்ட் மூட்டை இரண்டை ஏற்றித் தரச் சொல்லுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. கை மடங்காமல் நேராகத் தொங்கும் நிலையில் வண்டியைத் தூக்கி நில்லுங்கள். அப்போது வண்டியின் கால்கள் தரையிலிருந்து நன்றாக மேலே எழும்பியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் சாய்தளத்தில் ஏறும்போது கால் தரையில் உரசும். நடக்கும்போது உங்கள் முழங்கால் தொட்டியிலோ கம்பியிலோ இடிக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா, ஐந்தடிக்கும் குறைவு, அவருக்கு அந்தப் பச்சை வண்டியின் கைப்பிடி இடுப்புக்கு மேல் வந்துவிடும். முழங்கையை மடக்கித் தூக்கியே பத்து நிமிடத்தில் களைத்துப்போவார். உயரமான ஆளை வைத்துச் சோதித்து வாங்கினோம், அதிகம் தள்ளுகிறவரோ அவர்.

சக்கரத்துக்கு வருவோம். காற்றடைத்த டயர், காற்றில்லாத டயர், இதில் எது என்பது ஆளாளுக்கு வாக்குவாதம் செய்கிற விஷயம். என் கணக்கு ரொம்பச் சுலபம். தினமும் ஓடுகிற வண்டிக்கு, கரடுமுரடான தரைக்குக் காற்று டயர். அது குலுங்கலை வாங்கிக்கொள்ளும், மணிக்கட்டு வலிக்காது. வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கிற தோட்ட வண்டிக்குக் காற்று டயர் வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது தட்டையாகக் கிடக்கும், பம்பு யார் வீட்டில் இருக்கிறது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போகும். காகிதப்பூச் செடி வெட்டுகிற இடமென்றால் இன்னும் மோசம், அந்த முள் டியூபுக்கு எமன். அங்கே உள்ளே நுரை நிரப்பிய, பஞ்சர் ஆகாத டயர் போதும். கொஞ்சம் விலை, கொஞ்சம் கனம், ஆனால் நிம்மதி. இதை மலிவு வண்டிகளில் வரும் ஒல்லியான கெட்டி ரப்பர் சக்கரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சிமெண்ட் தரையில் மட்டும்தான் ஓடும், மழை பெய்த புல்லில் கத்தி மாதிரி இறங்கிவிடும். மாற்று டயர் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். 4.00-8 என்று இருந்தால் நாலு அங்குல அகலம், எட்டு அங்குல ரிம், இந்த அளவு எங்கும் கிடைக்கும்.

பெட்ரோல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கார் டயருக்கு அடிக்கிற மாதிரி காற்றடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம். சின்ன டயர், இரண்டு நொடியில் நிரம்பி வெடிக்கிற நிலைக்குப் போய்விடும். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று டயரிலேயே அச்சடித்திருக்கும், கையால் அடிக்கும் சைக்கிள் பம்பே தாராளம்.

சாய்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் புளோக்குகளில் சக்கர நாற்காலிக்காகக் கட்டியிருக்கும் சாய்தளங்கள் 12க்கு 1 என்ற கணக்கில் இருக்கும், அதாவது 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். வண்டியோடு சேர்த்து 120 கிலோ என்றால், சமதளத்தில் தள்ளுவதற்கு மேல் இன்னும் 10 கிலோ சுமைக்குச் சமமான தள்ளு வேண்டும். ஏறலாம், ஆனால் நடுவில் நிற்காதீர்கள். ஒரு படி குறுக்கிட்டால் முட்டி மோதாமல், திரும்பி நின்று வண்டியைப் பின்னாலிருந்து இழுத்து ஏற்றுங்கள்.

தொட்டி இரும்பா பிளாஸ்டிக்கா என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. கல், கான்கிரீட், உடைத்த ஓடு என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. உரம், சாணம், ஈர மண் என்றால் துருவே பிடிக்காத பிளாஸ்டிக். சூடான எதையும் பிளாஸ்டிக்கில் போடாதீர்கள். ஒரு கோயிலில் ஹோமம் முடிந்த மறுநாள், சாம்பல் ஆறிவிட்டது என்று நினைத்துத் தொண்டூழியர்கள் அள்ளிப் போட்டார்கள், உள்ளே கனன்றுகொண்டிருந்த ஒரு விறகுத் துண்டு தொட்டியின் அடியில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது. அள்ளிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கலவை கொண்டுபோன இரும்பு வண்டியை அன்றைக்கே கழுவுங்கள், காய்ந்த பிறகு சுத்தியலால் தட்டினால் பூச்சு உரிந்து அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். கழுவிய சிமெண்ட் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடக்கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், அது நீர்த்தேக்கத்துக்குப் போகிற வழி.

சரி, வீல்பேரோவே வேண்டாம் என்கிற இடங்களும் உண்டு. அன்னதானத்துக்கு வந்த 25 கிலோ அரிசி மூட்டைகளை வீல்பேரோவில் ஏற்றி, பளிங்குத் தரையில் தள்ளாடிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். அதற்கு நாலு சக்கர டிராலி இருக்கிறதே. தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி ஒன்றை எடுத்திருக்கிறீர்கள் என்றால் அது மொத்தமே 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், இரண்டு வாளியில் முடிகிற வேலை. வீட்டு நடைவழியில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று கனவு காணவும் வேண்டாம், தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் ஓட அங்கே 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், நகர மன்றத்திலிருந்து கடிதம் வரும்.

கடைசியாக ஒன்று, வண்டியை எப்படி நிறுத்துகிறோம் என்பது. இதை நாங்களும் தப்பாகத்தான் செய்தோம். வேலை முடிந்ததும் மரத்தடியில் அப்படியே விட்டுவிட்டுப் போனோம், நடுவில் மூன்று நாள் மழை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் தொட்டியின் மூலையில் தேங்கிய தண்ணீரில் புழு நெளிகிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவு தண்ணீர் தேங்கினாலே போதும், முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம்தான். எங்கள் குழுவில் நாங்கள் பாக்சிக் (மலாயில் மாமா) என்று கூப்பிடும் பெரியவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. வண்டியைத் தூக்கி, முன்பக்கம் தரையில் படும்படி வேலியில் சாய்த்துக் கைப்பிடிகளை மேலே நிறுத்தினார், தொட்டியின் சுருட்டிய விளிம்பில் நின்ற தண்ணீரைத் துணியால் துடைத்தார். அப்புறம் வீட்டுக்குப் போய்த் துளையிடும் கருவியை எடுத்துவந்து தொட்டியின் அடியில் சின்னதாக ஒரு துளை போட்டார். கலவை வண்டியாக இருந்தால் அதைச் செய்ய முடியாது, தோட்ட வண்டிக்குத் தாராளமாகச் செய்யலாம்.

அந்தப் பச்சை வண்டி இப்போதும் இருக்கிறது. உள்ளே வேலைக்கு 65 லிட்டரில் ஓர் ஒற்றைச் சக்கர வண்டி வாங்கிவிட்டோம், அந்த அக்காவைக் கடைக்கு அழைத்துப்போய். பச்சை வண்டி வேலிக்கு வெளியே, நடைபாதை ஓரம் கூட்டிய இலைகளை அள்ளுகிறது. அந்த வேலைக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது.