வெளிநாட்டுப் போட்டிக்குப் புறப்படும் இளையோர் கால்பந்து அணியின் கவனத்திற்கு

பெற்றோர் இன்றிப் பயிற்சியாளருடன் மட்டும் எல்லை கடக்கும் சிறார்களிடம், பெற்றோர் இருவரும் கையொப்பமிட்டு நோட்டரி சான்றளித்த ஒப்புதல் கடிதத்தைப் பல நாடுகளின் குடிவரவு அதிகாரிகள் கேட்கக்கூடும். ஆகவே விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அக்கடிதத்தையும், பயணம் முடிந்த பிறகும் 6 மாதங்களாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும் ஒவ்வொரு வீரருக்கும் உறுதிசெய்துவிட வேண்டும். பல நாடுகளில் சிறாருக்கான கடவுச்சீட்டு பெரியவர்களுடையதைவிட விரைவில் காலாவதியாகும் என்பதைப் பெற்றோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். வயதுப் பிரிவைச் சரிபார்க்கப் போட்டி அமைப்பாளர்கள் கேட்பதும் பெரும்பாலும் அதே ஆவணத்தைத்தான்.

காலணிகளையும், முழங்காலுக்குக் கீழே முன்னங்காலில் அணியும் காப்புகளான ஷின் கார்டுகளையும் கைப்பையில் எடுத்துச் செல்வதே என் பரிந்துரை. பெட்டி வந்துசேரத் தாமதமானால் சீருடையைக் கூட இரவல் வாங்கிவிடலாம். காலுக்குப் பழகிய காலணியை அவ்வாறு பெற முடியாது. ஷின் கார்டு அணியாதவர் ஆடுவதற்கு ஆட்ட விதிகளே இடம் தருவதில்லை. பந்துகளைக் காற்றிறக்கி, பம்புடன் பெட்டியில் வைத்தால் இடம் மிச்சமாகும்.

நேர வேறுபாட்டைத்தான் அணிகள் மிகவும் அலட்சியப்படுத்துகின்றன. ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடல் பழகுகிறது. கிழக்கு நோக்கிய பயணத்தில் இது இன்னும் கடினம். எனவே முதல் ஆட்டத்திற்கு இரண்டு, மூன்று நாள்களுக்கு முன்னரேனும் சென்று சேர்ந்து, பகலில் வெளிச்சத்தில் இலேசான பயிற்சி மட்டும் அளிப்பது நல்லது.