காற்றுப் படகில் முதுகு வலிக்காத இருக்கை

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நானும் மச்சானும் தூண்டில் போடப் போவது ஒரு சின்ன பிவிசி காற்றுப் படகில். அதோடு வந்த ஊதும் இருக்கை, நீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் தொய்ந்துவிடும். ஓட்டை எதுவும் இல்லை. கரை வெயிலில் சூடாக இருந்த காற்று குளிர்ந்த நீர் பட்டதும் சுருங்குகிறது, அவ்வளவுதான். இறக்கியபின் சற்றுப் பொறுத்து மறுபடி பம்ப் அடித்தால் சரி.

முதுகுவலிதான் பெரிய பாடு. தரையோடு காலை நீட்டி உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூனிவிடும். மச்சான் பலகை போடலாம் என்றார். ஆனால் இருக்கை உயர உயரப் படகு ஆடும். அதனால் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக, நீர் உறிஞ்சாத ஃபோமை அடுக்கி, ஹட்டனில் றெக்சின் உறை தைத்து வாங்கினேன். மெத்தை ஸ்பொஞ்ச் வேண்டவே வேண்டாம். எங்கள் மழைக்கு அது எந்தக் காலத்தில் காய்வது?

சாய்மானத்தின் பட்டிகளை மாட்டப் படகில் நாலு டி வளையங்கள் (D வடிவ வளையங்கள்). ஒட்டுமிடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, பிவிசிக்கான பசையை இரு பக்கமும் பூசி, ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டேன். முன்னால் இரண்டு பட்டி, பின்னால் இரண்டு. பின்பட்டி இல்லாவிட்டால் சாய்மானம் மடிந்து விழும். தனியாகப் போகும்போது இருக்கையை நடுவுக்கு நகர்த்துவேன், இல்லையென்றால் முன்பக்கம் தூக்கும்.

பட்டியை இறுக்கும்போது உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். அதன் முதுகுப்பக்கத் தடிப்பு ஆளை முன்னால் தள்ளும்.