ஆடும் வீடியோவை அடக்குவது எப்படி: டாவின்சி ரிசால்வில் செய்முறை

தேரோட்டத்தின்போது கூட்டத்துக்குள் நடந்துகொண்டே ஃபோனில் எடுத்த வீடியோ எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, நாம் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் கோபுரம் மேலும் கீழும் குதிக்கும். அதைச் சரிசெய்யக் காசு செலவழிக்க வேண்டாம், டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கேமரா துள்ளியதில் படம் இடப்பக்கம் குதித்தால் மென்பொருள் அதை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது, நகர்த்தினால் ஓரத்தில் கறுப்பு தெரியும், அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்குகிறது. ஆக, ஓரங்களைக் கொடுத்துத்தான் நிதானத்தை வாங்குகிறோம். 4கே-யில், அதாவது 3840×2160-இல் எடுத்து 1920×1080 டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் பட்டை) வைத்தால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்க இடம் இருக்கிறது. 1080-இல் எடுத்ததை 1080-லேயே வைத்தால் கூர்மை கொஞ்சம் போகும், வேறு வழியில்லை.

சரி, வேலைக்கு வருவோம். புது ப்ராஜெக்ட் திறந்ததும் வலது கீழ் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி, டைம்லைன் அளவையும் ஃப்ரேம் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) முடிவு செய்யுங்கள். ஃப்ரேம் ரேட்டைப் பின்னால் மாற்றுவது பெரிய தலைவலி.

அடுத்து, எடிட் பக்கத்தில் கிளிப்பை டைம்லைனில் போட்டு, வேண்டாத பகுதியை வெட்டி எறியுங்கள் (கண்ட்ரோல் + பி). பலர் தாவிக் குதித்துப் போகும் படி இதுதான். பெரிதாக்கும் அளவை மென்பொருள் முழுக் கிளிப்புக்கும் சேர்த்து ஒன்றாகத்தான் வைக்கிறது, அதிகமாக ஆடிய ஃப்ரேம் எதுவோ அதற்கு ஏற்றபடி. கடைசியில் ஃபோனைச் சட்டென்று கீழே இறக்கிய அந்த அரை நொடியை விட்டுவைத்தால், அதற்காகவே நல்ல பகுதியும் சேர்ந்து ஏகத்துக்கும் பெரிதாகும்.

இப்போது கிளிப்பைத் தேர்வு செய்து, வலது மேலே இன்ஸ்பெக்டரைத் திறந்து, வீடியோ பகுதியில் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசேஷன் இருக்கும். அதில் ஸ்டெபிலைஸ் பொத்தானை அழுத்திவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். பல கிளிப்புகளுக்கு இவ்வளவுதான் வேலை.

சில கிளிப்புகள் அடங்காது. ஸ்டெபிலைசேஷனில் பெர்ஸ்பெக்டிவ், சிமிலாரிட்டி, டிரான்ஸ்லேஷன் என்று மூன்று முறைகள் உண்டு. கோணத்தையும் வளைத்துச் சரிசெய்யும் பெர்ஸ்பெக்டிவ் முறையில் கோபுரத்தின் விளிம்பையோ மண்டபத் தூணையோ உற்றுப் பாருங்கள். நேர்கோடு நெளிந்தால் சிமிலாரிட்டிக்கு மாறுங்கள், அது படத்தை நகர்த்தும், சுழற்றும், பெரிதாக்கும், கோணத்தை வளைக்காது. அப்போதும் சரிவரவில்லையென்றால் டிரான்ஸ்லேஷன், அது மேல் கீழ், இடம் வலம் மட்டும். முன்னால் நிற்பவர்கள் கையைத் தூக்கி ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னொரு சிக்கல்: மென்பொருள் அந்தக் கைகளின் அசைவைக் கேமராவின் அசைவு என்று எண்ணி ஏமாந்துபோகும். கைகள் குறுக்கே வராத இடமாகப் பார்த்து வெட்டிக்கொள்வது நல்லது.

ஸ்டெபிலைசேஷன் பகுதியிலேயே இன்னும் சில அமைப்புகள் உண்டு. ஓரத்தை எவ்வளவு வெட்டலாம் என்று சொல்லும் கிராப்பிங் ரேஷியோ 1 என்றால் எதுவுமே நடக்காது, குறைக்கக் குறைக்க ஆட்டம் அடங்கும், ஓரமும் போகும். ஸ்மூத் என்பது அசைவை வழவழப்பாக்கும். இவற்றை மாற்றினால் ஸ்டெபிலைஸை மறுபடி அழுத்த வேண்டும், அழுத்தாமல் ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று குழம்ப வேண்டாம். ஸ்ட்ரெங்த்தை 1-க்குக் கீழே கொண்டுவந்தால் பழைய ஆட்டத்தில் ஒரு பங்கு மிஞ்சும். நடந்துபோய் எடுத்த காட்சிக்கு அதுதான் அழகு என்பேன், முழுக்க அடக்கினால் ஆள் மிதந்து போவது போல் செயற்கையாகிவிடும். கேமரா அசையவே இல்லை என்பது போல் படத்தை நிறுத்தும் கேமரா லாக்கோ, ஒரே இடத்தில் நின்று எடுத்ததற்கு மட்டும். நடந்து எடுத்ததற்குப் போடவே போடாதீர்கள்.

இரவுக் காட்சிகளில் மட்டும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஷட்டர் மெதுவாக இருந்ததால் ஒவ்வொரு குலுக்கலிலும் விளக்குகள் இழுபட்டுப் பதிவாகியிருக்கும். படம் நின்ற பிறகு அந்த மங்கல் விட்டுவிட்டு வந்து போவது முன்னைவிட எடுப்பாகத் தெரியும். ஸ்டெபிலைசேஷன் அந்த மங்கலைத் தொடாது. எடுக்கும்போதே ஃபோன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 நொடிக்கு வையுங்கள் (25 ஃப்ரேமுக்கு வழக்கமாகச் சொல்வது 1/50). நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ட்யூப்லைட் வெளிச்சத்தில் 1/100-ஐவிட வேகமாக வைத்தால் படம் மினுமினுக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் முழுத்திரையில் ஒருமுறை ஓடவிட்டு நான்கு ஓரங்களையும், யார் தலையாவது வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம் டெலிவர் பக்கத்துக்குப் போய் ரெண்டர் போட்டுவிடலாம்.