முயல் கூண்டில் நாட்டுக்கோழி

பழைய சாமான் கடையில் வாங்கிய முயல் கூண்டு, நாலடிக்கு இரண்டடி. பகலெல்லாம் தோட்டத்தில் மேயும் மூன்று நாட்டுக்கோழிகள் இரவில் அடைய அது போதும்.

முயலுக்குக் கம்பித்தரை சரி, புழுக்கை கீழே விழுந்துவிடும். கோழிக்கு அதிலேயே நின்றால் பாதம் புண்ணாகும். அதனால் பலகை போட்டு மேலே நெல் உமி பரப்பினேன். அப்புறம் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை, ஏறி உட்கார. முட்டைப்பெட்டி அந்தக் கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே அடைந்து, எச்சமிட்டு நாசம் பண்ணிவிடும்.

துருப்பிடித்த வலையைப் பிய்த்துவிட்டு அரை அங்குல வெல்டு மெஷ் அடித்தேன். கொக்கித் தாழ்ப்பாளை எங்கள் தெருப் பூனை தள்ளியே திறந்துவிடும், பலே கில்லாடி. எனவே பூட்டு. கூரையடியில் காற்றோட்டத்துக்குக் கையகலச் சந்து, அதற்கும் மெஷ்தான். முழுக்க அடைத்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கோழியின் மூச்சைக் கெடுத்துவிடும்.