கல்லூரியின் அங்கீகாரம் போனபின் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி

அமெரிக்காவில் இளங்கலை படிக்கும் கல்லூரி அங்கீகாரத்தை இழந்துவிட்டது என்று தெரிந்ததும் மாணவரும் பெற்றோரும் முதலில் கேட்பது, "இனி மெடிக்கல் ஸ்கூல் கிடைக்குமா?" என்பதைத்தான். கிடைக்கும். ஆனால் எந்த வழியில், எவ்வளவு தாமதத்தில் என்பது இரண்டு தேதிகளைப் பொறுத்தது. ஒன்று, கல்லூரியின் அங்கீகாரம் முடிந்த தேதி. மற்றது, உங்கள் பட்டம் வழங்கப்பட்ட தேதி. இவை இரண்டும் எழுத்தில் கையில் இல்லாமல் டிரான்ஸ்ஃபர், எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு), கட்டுரை என்று எதிலும் இறங்காதீர்கள்.

தேதியை உறுதி செய்வது

எச்சரிக்கை, புரபேஷன் (கண்காணிப்பு), ஷோ காஸ் (ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்பது) என்ற சொற்கள் செய்தியில் வந்தால் அங்கீகாரம் போய்விட்டது என்று பொருள் இல்லை. இந்த நிலைகள் எல்லாவற்றிலும் கல்லூரி அங்கீகாரம் பெற்றதாகவே தொடர்கிறது. அங்கீகார அமைப்பு "நீக்குகிறோம்" என்று முடிவெடுத்த பிறகும் மேல்முறையீடு இருக்கிறது, அதற்குப் பின் நீதிமன்றம் இருக்கிறது. வட கரோலினாவின் பென்னெட் கல்லூரியை நீக்க 2018 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். 2019 பிப்ரவரியில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஆனாலும் நீதிமன்ற உத்தரவால் அங்கீகாரம் நிலைத்தது. ஆகவே செய்தித்தாளில் வந்த தேதியை நம்ப வேண்டாம். அங்கீகார அமைப்பின் அறிவிப்பில் "நடைமுறைக்கு வரும் தேதி" என்று தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அதுதான் கணக்கு.

அதைச் சரிபார்க்க அமெரிக்கக் கல்வித் துறையின் டாபிப் என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. கல்லூரியின் பெயரைத் தேடினால் எந்த அமைப்பு எந்த நாள் முதல் எந்த நாள் வரை அங்கீகரித்தது என்று காட்டும். அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். பின்னால் அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்ப இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

ஒன்றை இங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். போனது கல்லூரி முழுவதற்குமான அங்கீகாரமா, ஒரு துறைக்கானதா? நர்சிங் துறையோ பொறியியல் துறையோ தன் தனி அங்கீகாரத்தை இழந்திருந்தால், உயிரியல் படிக்கும் உங்கள் மருத்துவ விண்ணப்பத்தை அது தொடாது. மருத்துவக் கல்லூரிகள் பார்ப்பது கல்லூரி அளவிலான அங்கீகாரத்தை.

பட்டத் தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. கடைசித் தேர்வு எழுதிய நாள் பட்டத் தேதி ஆகாது. டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பதிவில்) பட்டம் வழங்கப்பட்டதாக அச்சிட்டிருக்கும் நாள்தான் பட்டத் தேதி. பாடங்களை மே மாதம் முடித்து, ஆகஸ்டில்தான் பட்டம் பதிவாகும் கல்லூரிகள் உண்டு. இடையில் அங்கீகாரம் முடிந்தால் நான்கு வருட உழைப்பு தவறான பக்கத்தில் விழுந்துவிடும். கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் உடனே ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குப் போய், அங்கீகாரம் முடிவதற்கு முன்பே பட்டத்தைப் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பட்டம் முன்பே வாங்கியிருந்தால்

உங்களுக்குக் கவலை குறைவு. அங்கீகாரம் இருந்த காலத்தில் வழங்கிய பட்டம் அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டமாகவே நிற்கும். அட்லாண்டாவின் மோரிஸ் பிரவுன் கல்லூரி 2002-இல் அங்கீகாரத்தை இழந்தது. அதற்கு முன் அங்கே பட்டம் பெற்றவர்களின் பட்டம் அதனால் செல்லாததாகவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஆவணங்களைத் திரட்டுவது மட்டும்தான். அதைக் கீழே சொல்கிறோம்.

இன்னும் படித்துக்கொண்டிருந்தால்

இடம் மாறுங்கள், சீக்கிரம் மாறுங்கள். "கல்லூரி மீண்டும் அங்கீகாரம் வாங்கிவிடும், காத்திருப்போம்" என்று சொல்லும் பேராசிரியர்கள் நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் மோரிஸ் பிரவுன் மீண்டும் அங்கீகாரம் பெற்றது 2022-இல். இருபது வருடம். அதற்குள் உங்கள் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகையும் கூட்டாட்சி அரசின் கல்விக் கடனும் அந்தக் கல்லூரியில் நின்றுபோகும்.

மாறும்போது முதலில் பார்க்க வேண்டியது கிரெடிட் (பாட அலகு) கணக்கு. பெரும்பாலான நான்கு வருடக் கல்லூரிகள், பட்டத்துக்கான கிரெடிட்டில் கால்பங்கையாவது தம்மிடமே படிக்க வேண்டும் என்கின்றன. 120 கிரெடிட் பட்டத்தில் அது 30. நீங்கள் 100 கிரெடிட் முடித்திருந்தால், புதிய இடத்தில் 20 அல்ல, 30 படிக்க வேண்டும். சில இடங்களில் மேல்நிலைப் பாடங்களில் இத்தனை தம்மிடம் என்று இன்னொரு விதியும் இருக்கும். அதையும் கேளுங்கள். பழைய கல்லூரி வேறொரு கல்லூரியோடு "டீச்-அவுட்" ஒப்பந்தம் (மாணவர்கள் மீதிப் படிப்பை அங்கே முடிக்க ஏற்பாடு) செய்திருந்தால் இந்த விதிகள் தளர்த்தப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அங்கீகார அமைப்பு ஏற்றுக்கொண்டதா என்று பாருங்கள். "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பது ஒப்பந்தம் ஆகாது.

கடன் விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கல்லூரி மூடப்பட்டால் கூட்டாட்சிக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் உண்டு. மூடும்போது அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களும், மூடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் விலகியவர்களும் கேட்கலாம். அங்கீகாரம் மட்டும் போய், கல்லூரி திறந்தே இருந்தால் அந்தத் திட்டம் பொருந்தாது. டீச்-அவுட் வழியாகப் படிப்பை முடித்தாலும் தள்ளுபடி கிடைக்காது. மருத்துவம் படிக்கப் போகிறவருக்கு பட்டம்தான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஆனாலும் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து முடிவெடுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அதிகாரியை முதல் வாரத்திலேயே பார்த்து, சர்வதேச மாணவர்களுக்கான அரசின் செவிஸ் பதிவைப் புதிய கல்லூரிக்கு மாற்றுங்கள்.

பட்டம் பின்னால் வந்திருந்தால்

இதுதான் கடினமான நிலை. ஆறுதல் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் "அங்கீகாரம் பெற்ற அமெரிக்க அல்லது கனடியக் கல்லூரியின்" பட்டத்தையோ, குறைந்தது 90 செமஸ்டர் கிரெடிட்டையோ கேட்கின்றன. அங்கீகாரம் போனபின் வாங்கிய பட்டம் இந்த நிபந்தனையில் தட்டும்.

நடைமுறையில் உதவும் வழி, அங்கீகாரம் உள்ள நான்கு வருடக் கல்லூரியில் மீண்டும் இளங்கலை முடிப்பது. அங்கீகாரம் இருந்த காலத்தில் எடுத்த பாடங்களுக்கு மட்டும் தனியாகக் கிரெடிட் மதிப்பீடு கேளுங்கள். கல்லூரியின் பெயரைப் பார்த்ததுமே மொத்தமாக நிராகரிப்பார்கள். அப்போது டாபிப் பக்கத்தைக் காட்டி, செமஸ்டர் வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேரடியாக இடம் கிடைக்காவிட்டால், கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரியில்) ஒரு வருடம் படித்து, அந்த மதிப்பெண்களோடு மாறலாம். அறிவியல் பாடங்களின் பெரும்பகுதியை மட்டும் நான்கு வருடக் கல்லூரிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சில மருத்துவக் கல்லூரிகள் கம்யூனிட்டி காலேஜ் அறிவியலைக் குறைவாக மதிக்கின்றன.

முதலில் ஐந்தாறு மருத்துவக் கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். அதில் கதை வேண்டாம். கல்லூரியின் பெயர், சேர்ந்த தேதி, அங்கீகாரம் முடிந்த தேதி, பட்டத் தேதி, அங்கீகாரக் காலத்தில் முடித்த கிரெடிட் எண்ணிக்கை, மொத்தக் கிரெடிட் எண்ணிக்கை. இவற்றோடு "இந்தப் பட்டத்தை உங்கள் சேர்க்கை நிபந்தனைக்கு ஏற்பீர்களா? இல்லையென்றால் எது போதும்?" என்ற கேள்வி. தொலைபேசியில் கேட்டு வாங்கிய பதில் அடுத்த ஆண்டு வேறொருவர் அந்த நாற்காலியில் இருக்கும்போது செல்லாது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஆவணங்கள்: அலுவலகம் திறந்திருக்கும்போதே

ஃபிலடெல்ஃபியாவின் கலைப் பல்கலைக்கழகம் 2024 மே 31 அன்று மூடப்போவதாக அறிவித்து, ஜூன் 7 அன்று மூடிவிட்டது. ஒரே வாரம். அங்கீகாரம் ஆட்டம் காணும் கல்லூரியில் இருப்பவர் அந்த ஒரு வாரத்தை மனதில் வைத்துக்கொண்டு இப்போதே செய்ய வேண்டியவை இவை.

முத்திரையிட்ட அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் ஐந்து வாங்குங்கள். இவை டிரான்ஸ்ஃபருக்கும் ஆதாரத்துக்கும் மட்டும்தான். மருத்துவ விண்ணப்பச் சேவையான ஆம்காஸ் டிரான்ஸ்கிரிப்டை ரிஜிஸ்ட்ராரிடமிருந்து நேரடியாகவே ஏற்கும், உங்கள் அலமாரியில் இருக்கும் உறையை ஏற்காது. கல்லூரிக்குக் கட்டண பாக்கி இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட் நின்றுபோக வாய்ப்புண்டு, முதலில் அதைத் தீருங்கள். அடுத்து, எடுத்த ஒவ்வொரு அறிவியல் பாடத்துக்கும் சிலபஸ், பாடநூல் பெயர், லேப் நேரம். அந்த ஆண்டின் கல்லூரி கேட்டலாக் முழுவதையும் தரவிறக்கி வையுங்கள். கல்லூரியின் இணையதளம் போனபின் "ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் லேப் இருந்ததா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில் சொல்லும்.

கல்லூரி ஏற்கெனவே மூடியிருந்தால் அந்த மாநிலத்தின் உயர்கல்வித் துறையைக் கேளுங்கள். பதிவேடுகள் அங்கேயே இருக்கும், அல்லது எந்தக் கல்லூரியிடம் ஒப்படைக்கப்பட்டன என்று சொல்வார்கள். எங்கும் இல்லை என்றால், "இல்லை" என்பதையே அலுவலகத் தாளில் கடிதமாக வாங்கி ஆம்காஸில் விலக்கு கேட்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்கள்தான் எல்லோரும் மறப்பது. கல்லூரி சரியும்போது நல்ல பேராசிரியர்கள் முதலில் வேறு இடம் போவார்கள். மருத்துவ விண்ணப்பதாரருக்காகக் கல்லூரிக் குழு எழுதும் கமிட்டி கடிதமும் அதோடு போகும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, கல்லூரியின் தலைப்புத் தாளில் எழுதி இன்டர்ஃபோலியோ என்ற இணையச் சேவையில் சேமிக்கச் சொல்லுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் குறியுங்கள், இல்லாவிட்டால் கடிதத்துக்கு மதிப்புக் குறையும். கமிட்டி கலைந்துவிட்டால், கமிட்டி கடிதம் கேட்கும் மருத்துவக் கல்லூரிக்கு அதைத் தெரிவித்துத் தனித்தனிக் கடிதங்கள் அனுப்பலாம்.

விண்ணப்பத்தில் தவறு நடக்கும் இடங்கள்

எம்.டி. கல்லூரிகளுக்கு ஆம்காஸ், டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவக்) கல்லூரிகளுக்கு ஆகோமாஸ், டெக்சஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். எதில் விண்ணப்பித்தாலும், ஒரு பாடம் மட்டும் எடுத்து விலகிய கல்லூரி உட்பட, சேர்ந்த எல்லாக் கல்லூரிகளையும் எழுத வேண்டும். அங்கீகாரம் போன கல்லூரியை மறைத்தால், நிதி உதவிப் பதிவிலோ புதிய கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டிலோ அது வெளியே வரும். அங்கீகாரம் இல்லாததை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

ஒரு பாடத்தை எங்கே படித்தீர்களோ அந்தக் கல்லூரியின் கீழ் எழுதுங்கள். டிரான்ஸ்ஃபர் ஆகி ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதற்காகப் புதிய கல்லூரியின் கீழ் எழுதினால் சரிபார்ப்பில் விண்ணப்பம் திரும்பி வரும். சரிபார்ப்பு நெரிசல் மாதங்களில் பல வாரம் எடுக்கும், திரும்பி வந்தால் அந்தக் காத்திருப்பு மறுபடி தொடங்கும். பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண் மறையாது. ஆம்காஸ் இரண்டையும் ஜி.பி.ஏ.யில் (மதிப்பெண் சராசரியில்) சேர்க்கும். அதனால் அங்கீகாரக் காலத்தில் நன்றாக முடித்த கெமிஸ்ட்ரியைச் சந்தேகத்துக்காகத் திரும்ப எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் புதிய கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, ஜெனெடிக்ஸ் எடுத்து 'ஏ' வாங்குவது எவ்வளவோ மேல்.

"இன்ஸ்டிட்யூஷனல் ஆக்ஷன்" என்ற கேள்வியில் நிறையப் பேர் "ஆம்" என்று குறித்துவிடுகிறார்கள். அது கல்லூரி உங்கள் மேல் எடுத்த நடவடிக்கையைக் கேட்கிறது: ஒழுங்கு மீறல், மோசமான மதிப்பெண்ணால் இடைநீக்கம் போன்றவை. கல்லூரி மேல் அங்கீகார அமைப்பு எடுத்த நடவடிக்கை அதில் வராது.

கல்லூரிக்கு என்ன ஆனது என்று சொல்லும் இடம் ஆம்காஸின் முதன்மையான 5,300 எழுத்துக் கட்டுரை அல்ல. அது நீங்கள் ஏன் மருத்துவர் ஆக வேண்டும் என்பதற்கு. ஆம்காஸில் "பாதித்த பிற அனுபவங்கள்" என்று 1,325 எழுத்தில் ஒரு பகுதி உண்டு. கல்லூரி மூடியதால் வருடம், பணம், வேலை எல்லாம் புரண்டிருந்தால் அங்கே எழுதலாம். வெறும் விளக்கம்தான் என்றால் மருத்துவக் கல்லூரிகள் பின்னர் தனித்தனியாகக் கேட்கும் இரண்டாம் கட்டக் கட்டுரைகளில் "வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா" என்ற கேள்வி போதும். நான்கு வாக்கியம்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், நீங்கள் என்ன செய்தீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள். பழைய நிர்வாகத்தைக் குறைசொல்லும் ஒரு வரியும் வேண்டாம்.

எம்கேட் இங்கே வழக்கத்தைவிட அதிகம் சுமக்கும். படித்த இடத்தின் தரத்தைப் பற்றி வாசிப்பவருக்குச் சந்தேகம் இருந்தால், எல்லோருக்கும் பொதுவான 472 முதல் 528 வரையான இந்த மதிப்பெண்தான் அதைத் தீர்க்கும். ஆனால் இடம் மாறும் குழப்பத்துக்கு நடுவே அவசரமாக எழுதாதீர்கள். ஒரு வருடத்தில் மூன்று முறை, இரண்டு வருடத்தில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம்; ஒவ்வொரு மதிப்பெண்ணும் பதிவில் இருக்கும். புதிய கல்லூரியில் ஒரு முழு வருட மதிப்பெண் வந்தபின், மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஆம்காஸ் விண்ணப்பம் ஏற்கத் தொடங்கும் முதல் வாரங்களில் அனுப்புவது, ஒரு சுற்று முன்னதாக அரைகுறையாக அனுப்புவதைவிட நல்லது.

இடம் கிடைத்தபின், சேர்வதற்கு முன் படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் இறுதி டிரான்ஸ்கிரிப்டை மருத்துவக் கல்லூரி மீண்டும் கேட்கும். பழைய கல்லூரியின் பதிவேடு இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் அதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று இடம் உறுதியான நாளிலேயே கேட்டு, அன்றே பணம் கட்டிவிடுங்கள்.