சென்சாரை மாற்றும் முன் 5 வோல்ட்டை அளந்து பாருங்கள்

எல்எம்35 வெப்பநிலை சென்சாரை ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் மாட்டியிருக்கிறீர்கள். யூஎஸ்பி கேபிளில் ஓடும்போது ஒரு அளவு காட்டுகிறது, அடாப்டரில் போட்டால் இன்னொன்று. அறை அதே அறைதான். இப்படி யார் வந்து கேட்டாலும் நான் முதலில் மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன். போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். ரிலே, டிஸ்பிளே எல்லாம் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கும் போர்டில் அளந்தால் ஒன்றும் தெரியாது.

மெல்லிய, நீளமான கேபிள் என்றால் 4.6 வோல்ட்கூட வரலாம். அதனால் என்ன ஆகிறது? ஊனோவின் ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, 10 பிட். உள்ளே வரும் மின்னழுத்தத்தைச் சப்ளையோடு ஒப்பிட்டு 0 முதல் 1023 வரை ஓர் எண் தரும். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட். சப்ளை சரியாக 5 வோல்ட் இருந்தால் 61 வரும். 4.6 வோல்ட் என்றால் 66. உங்கள் புரோகிராமோ 5 வோல்ட் என்றே நம்பிக் கணக்குப் போட்டு 32.2 டிகிரி என்கிறது. எடைக்கல்லே தேய்ந்திருக்கும்போது பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

அளந்த 4.6-ஐப் புரோகிராமில் எழுதிவிட்டால் இன்றைக்குச் சரியாகிவிடும். நாளை கேபிள் மாறினால் மறுபடி தப்பு. அதைவிட, ஏடிசி எதோடு ஒப்பிட வேண்டும் (ரெஃபரன்ஸ்) என்று சொல்லும் அனலாக் ரெஃபரன்ஸ் கட்டளையில் ‘இன்டர்னல்’ என்று கொடுங்கள். சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட்டோடு ஒப்பீடு நடக்கும், சப்ளை ஏறி இறங்கினாலும் அது அசையாது. இன்னொரு லாபமும் உண்டு: ஒரு படி அரை டிகிரியாக இருந்தது, இப்போது சுமார் 0.1 டிகிரி. ஆனால் அந்த 1.1 சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறும். அதனால் கட்டளையைக் கொடுத்துவிட்டு, போர்டில் ரெஃபரன்ஸுக்கான ஏரெஃப் (AREF) பின்னில் மீட்டர் வைத்து வரும் எண்ணையே கணக்கில் போடுங்கள். ரெஃபரன்ஸ் மாற்றியதும் வரும் முதல் சில அளவுகளை விட்டுவிடுங்கள். இன்டர்னலில் இருக்கும்போது ஏரெஃப் பின்னில் வெளியிலிருந்து எந்த மின்னழுத்தமும் கொடுக்கக் கூடாது, சிப் பாழாகலாம்.

சரி, எல்லாச் சென்சாருக்கும் இதையே செய்துவிடலாமா? கூடாது, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். பொட்டென்ஷியோமீட்டர், எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறுவது), தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறுவது) எல்லாம் சப்ளையைப் பங்கு பிரித்துத்தான் தருகின்றன. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் உள்ள தெர்மிஸ்டரோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால், சப்ளை 5 ஆனாலும் 4.6 ஆனாலும் பாதிதான், எண் 512-ஐ ஒட்டியே நிற்கும். ஏடிசியும் அதே சப்ளையோடு ஒப்பிடுவதால் பிழை தானாகவே கழிந்துவிடுகிறது. இவற்றுக்கு வழக்கமான ரெஃபரன்ஸை விட்டுவிடுங்கள், மின்சாரத்தையும் அதே 5 வோல்ட் பின்னிலிருந்தே கொடுங்கள். 1.1-க்கு மாற்றினால் எண் 1023-இல் போய் முட்டி நிற்கும்.

3.3 வோல்ட் போர்டு என்றால் எல்எம்35 வேண்டாம், அதற்குக் குறைந்தது 4 வோல்ட் தேவை. டிஎம்பி36 என்ற வெப்பநிலை சென்சார் 2.7 வோல்ட்டிலேயே வேலை செய்யும். அதில் 25 டிகிரிக்கு எல்எம்35 போல 250 அல்ல, 750 மில்லிவோல்ட் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் சர்வோ, மோட்டார். அவை திரும்பும் கணத்தில் சப்ளை சரியும், அளவும் கூடவே குதிக்கும். சராசரி எடுப்பதை இதற்கு மருந்தாக நான் சொல்லமாட்டேன். சரிவு எப்போதும் ஒரே பக்கம் என்பதால் சராசரியும் அந்தப் பக்கமே சாயும். சர்வோவுக்குத் தனி சப்ளை கொடுத்து, அதன் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். சென்சாரின் கால்களை ஒட்டி 100 நானோஃபாரட் செராமிக் ஒன்று.

இரண்டு சப்ளையின் கிரவுண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஆனால் மோட்டார் கரன்ட் சென்சாரின் கிரவுண்டு வயர் வழியாகத் திரும்பக் கூடாது. 0.05 ஓம் உள்ள வயரில் 1 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட் விழும். எல்எம்35-க்கு அது முழுசாக 5 டிகிரி, 1.1 ரெஃபரன்ஸும் அதைத் திருத்தாது. சென்சார் கிரவுண்டுக்குத் தனி வயர் எடுத்து நேராகப் போர்டின் கிரவுண்டு பின்னில் செருகுங்கள்.