அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ரயிலை மாடலாகக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பானை போல விரிந்த புகைபோக்கி, முன்னால் மாடு தள்ளும் சட்டம், பித்தளை மணி, பின்னால் டெண்டரில் (எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) அடுக்கிய விறகு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் நீராவி இன்ஜினைப் படத்தில் பார்த்த யாருக்கும் அதை மேசைமேல் ஓடவிட்டுப் பார்க்க ஆசை வரும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. இன்ஜின் ஒன்று வாங்கினேன். கிடைத்த தண்டவாளத்தை வாங்கினேன். ‘பழைய காலம்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்த வண்டிகளையெல்லாம் சேர்த்தேன். எல்லாவற்றையும் கோத்து நிறுத்தியபோது, எந்த ஆண்டிலும் எந்த ஊரிலும் ஓடியிராத ஒரு ரயில் எதிரே நின்றது.

முதல் தவறு அதுதான். மற்ற பெரும்பாலான தவறுகள் அதிலிருந்தே கிளைக்கின்றன. ‘பழைய காலம்’ என்று தனியாக ஒரு காலம் கிடையாது. 1862 இருக்கிறது, 1869 இருக்கிறது, 1885 இருக்கிறது. மாடல் கம்பெனிகளுக்கு இவை மூன்றும் ஒன்றுதான். நமக்கு அப்படி இருக்கக் கூடாது. கடைகளில் அதிகம் விற்கும் பழைய 4-4-0 இன்ஜின்களில் (முன்னால் நான்கு சிறு சக்கரம், அடுத்து நான்கு பெரிய இயக்குச் சக்கரம்) ‘ஜூபிட்டர்’ ஒன்று. கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் விழாவில் 1869 மே மாதம் நின்ற இன்ஜின் அது. கட்டப்பட்டதோ 1868இல். போர் முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கையும் இதே கண்ணோடு பாருங்கள். விரல்கள் மடங்கிப் பிடிப்பது போன்ற தானியங்கிக் கப்ளிங்குக்கு ஈலை ஜேனி காப்புரிமை பெற்றது 1873இல். போர்க்காலத்தில் இருந்தது வளையமும் ஆணியும் மட்டுமே. இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஆள் நின்று, வளையத்தைக் கையால் பிடித்து, ஆணியை மேலிருந்து இறக்க வேண்டும். எத்தனையோ பேர் அதில் விரலை இழந்தார்கள், கையை இழந்தார்கள். காற்று பிரேக்கும் கிடையாது. வெஸ்டிங்ஹவுஸின் முதல் பிரேக் 1869இல்தான் வந்தது. வண்டிக் கூரைமேல் ஆட்கள் ஓடி, கைச்சக்கரத்தைத் திருகித்தான் ரயிலை நிறுத்தினார்கள். ஆகவே உங்கள் சரக்கு ரயிலின் கூரைகள் வெறுமையாக இருந்தால் அது ஓடும் ரயிலாகத் தோன்றாது. இரண்டு மூன்று பிரேக்காரர்களையாவது மேலே நிறுத்துங்கள்.

மியூசியத்தில் நிற்கும் இன்ஜினை அப்படியே அளந்து செய்வதும் ஆபத்து. 1862 ஏப்ரலில் நடந்த புகழ்பெற்ற துரத்தலில் கடத்தப்பட்ட ‘ஜெனரல்’ இன்று ஜார்ஜியாவின் கென்னசாவில் இருக்கிறது. அது 1855இல் கட்டப்பட்டது. போருக்குப் பிறகு பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. அதைத் துரத்திப் பிடித்த ‘டெக்சஸ்’ அட்லாண்டாவில் 1880களின் தோற்றத்தில் நிற்கிறது. இரண்டும் உண்மையான இன்ஜின்களே. ஆனால் இரண்டும் காட்டுவது 1862ஐ அல்ல.

என் யோசனை இது: பாதை வரைவதற்கு முன் ஒரு ஊரையும் ஒரு பருவத்தையும் முடிவு செய்யுங்கள். நான் தேர்ந்தது வர்ஜீனியாவின் அக்வியா கிரீக் துறையிலிருந்து ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம் போகும் சுமார் 15 மைல் பாதை, 1862–63 குளிர்காலம். அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தென் மாநிலங்களில் பெரும்பாலான பாதைகள் 5 அடி அகலம். வர்ஜீனியாவின் இந்தப் பாதையோ 4 அடி 8½ அங்குலம். எச்.ஓ. அளவில் (1:87) விற்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் இதற்குச் சரியாகப் பொருந்தும். ஜார்ஜியாவை எடுத்தால் 17.5 மில்லிமீட்டர் வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டருக்காக ஒவ்வொரு சக்கரத்தையும் மாற்றுவது வீண் உழைப்பு என்பது என் கருத்து. அப்படியே விட்டுவிடலாம்.

அந்தப் பாதையின் உயிர் பொட்டோமக் கிரீக் பாலம். 1862 மே மாதம் ஹெர்மன் ஹாப்ட் என்ற வடமாநிலப் படைப் பொறியாளர், பாலம் கட்டி அறியாத படைவீரர்களை வைத்து, காட்டில் வெட்டிய மரங்களைக் கொண்டு, சுமார் 400 அடி நீளத்தில், 80 அடி உயரத்தில், இரண்டு வாரத்துக்குள் எழுப்பினார். அதைப் பார்த்துவிட்டு வந்த லிங்கன், அவரைக்கொடிப் பந்தலின் கம்பும் சோளத்தட்டையும் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று வியந்தார். இங்கே பலர் செய்யும் தவறு, கடையில் கிடைக்கும் சீராக அறுத்த மரச்சட்டப் பாலத்தை வைப்பது. முதல் பாலத்தின் கால்கள் உருண்டை மரங்கள், பட்டை உரிக்காதவை. தோட்டத்தில் விழும் மெல்லிய சுள்ளிகளே அதற்கு நல்ல பொருள். ஒரு வாரம் வெயிலில் காயவைத்து எடுத்தால் போதும். இன்னொரு தவறு, எந்தப் படம் கிடைத்தாலும் அதைப் பார்த்துக் கட்டுவது. அந்த இடத்தில் நின்றது ஒரே பாலம் அல்ல. படை பின்வாங்கியபோது அழிந்தது, திரும்பியபோது மறுபடி எழுந்தது. 1864 மே மாதம் 40 மணி நேர வேலையில் இன்னுமொரு முறை கட்டினார்கள். படத்தின் தேதியைப் பார்க்காமல் ஒரு கட்டையைக்கூட ஒட்டாதீர்கள். எச்.ஓ. அளவில் அந்தப் பாலம் 140 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் உயரம் வரும். அறை சிறிதென்றால் நீளத்தைக் குறையுங்கள், உயரத்தைக் குறைக்காதீர்கள். அந்தப் பாலத்தைப் பார்த்ததும் வயிற்றில் உண்டாகும் கூச்சம் உயரத்தால் வருவது.

அடுத்தது தண்டவாளம். இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. பரவலாகக் கிடைக்கும் கோட் 100 தண்டவாளத்தின் உயரம் 0.1 அங்குலம். 87ஆல் பெருக்கினால் 8.7 அங்குலம். இருபதாம் நூற்றாண்டின் கனரக ரயிலுக்கே அது மிகை. போர்க்காலத் தண்டவாளம் தேனிரும்பு, கஜத்துக்கு 50, 60 பவுண்டு எடை, நான்கு அங்குலத்தை ஒட்டிய உயரம். கோட் 55 கொஞ்சம் பெரிது, கோட் 40 கொஞ்சம் சிறிது. நான் கோட் 55ஐ எடுத்தேன், சக்கர விளிம்பு ஆணியில் தட்டாமல் ஓடும் என்பதால். ஸ்லீப்பர் கட்டைகளையும் வரிசைப்படுத்தி வைக்காதீர்கள். அவை கோடரியால் செதுக்கியவை. நீளம் ஒன்றுபோல் இருக்காது, இடைவெளியும் அப்படியே. கருங்கல் ஜல்லி வேண்டாம். அவசரத்தில் போட்ட அந்தப் பாதைகளுக்கு அடியில் இருந்தது பெரும்பாலும் மண்தான். வீட்டுப் பக்கத்து மண்ணைச் சலித்து, வறுத்து, காந்தத்தால் இரும்புத் துகளை எடுத்துவிட்டுத் தூவலாம். காந்தத்தை மறந்தால் அந்தத் துகள் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

பாயின்ட்டைப் பற்றி, அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தைப் பற்றி, கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நாம் இன்று பார்க்கும் கூர்நுனி பாயின்ட் அப்போது அரிது. தண்டவாளங்களின் மொட்டை முனைகளையே பக்கவாட்டில் நகர்த்தி, இந்தப் பாதைக்கோ அந்தப் பாதைக்கோ நேராக நிறுத்துவார்கள். இதைக் கையால் செய்வது கடினம் என்று எண்ணி ரெடிமேட் பாயின்ட்டை வைத்துவிடுகிறார்கள். உண்மையில் கூர்நுனியைத் தீட்டும் வேலை இல்லாததால் இது எளிது. கவனிக்க வேண்டியது ஒன்றே: அடிப்பலகை மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். மொட்டை முனைகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் ஐப்பசியில் ஒன்றோடொன்று இறுகி நகராது. பலகையின் ஆறு பக்கமும் வார்னிஷ் பூசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனி நிறம். இன்ஜின் முழுக்கக் கறுப்பு என்பது பின்னால் வந்த வழக்கம். 1860களின் இன்ஜின்கள் பச்சை, கருஞ்சிவப்பு, குங்குமச் சிவப்பு, நீலம் என்று பளபளத்தன. பாய்லரைச் சுற்றியிருந்த ரஷ்ய இரும்புத் தகடு நீலம் பாய்ந்த சாம்பல் மினுக்கோடு இருந்தது. அப்படியானால் அன்றைய புகைப்படங்களில் ஏன் எல்லாம் கறுப்பாகத் தெரிகிறது? அன்றைய கொலோடியன் கண்ணாடித் தகடுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகப் பதியும். சிவப்புச் சக்கரம் கறுப்பாக விழும், மஞ்சள் எழுத்து இருண்டுவிடும், நீலம் வெளுத்துத் தெரியும். ராணுவ ரயில்வேக்காக ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த படங்கள் இந்தத் துறையில் நமக்குக் கிடைத்த பொக்கிஷம். வடிவத்துக்கும் அளவுக்கும் அவற்றை முழுதும் நம்பலாம், நிறத்துக்கு நம்பக் கூடாது. கரித்தூள் அழுக்கையும் அளவோடு பூசுங்கள். எரிந்தது விறகு. டெண்டரில் நிலக்கரியைக் கொட்டி வைத்திருக்கும் மாடலை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்; விறகுப் பொறியைத் தடுக்கத்தான் அந்தப் பெரிய புகைபோக்கியே.

ஓட்டம் பற்றிச் சுருக்கமாக: இந்தச் சின்ன இன்ஜின் எடை குறைந்தது, இழுக்கும் சக்தியும் குறைவு. ஏற்றத்தை நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் வைக்காதீர்கள். டெண்டரின் எல்லாச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும்படி செய்யுங்கள். டி.சி.சி. டிகோடரோடு (இன்ஜினுக்குள் வைக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சில்லு) மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் பாயின்ட்டில் நின்றுபோகாது. வேகத்தைக் கட்டுங்கள். மணிக்கு 15 மைல் என்றால் எச்.ஓ. அளவில் ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 13 நொடி ஆகும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். நாம் எல்லோருமே வேகமாக ஓட்டுகிறோம்.

காட்சியமைப்பில் நான் செய்து, பிறகு பிய்த்தெடுத்த தவறு மரங்கள். ஆசை ஆசையாக நானூறு மரம் நட்டேன். பிறகுதான் உறைத்தது: அந்தக் குளிர்காலத்தில் அங்கே தங்கியிருந்தது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கொண்ட வடமாநிலப் படை. குடிசைக்கும் அடுப்புக்கும் பாதைக்கும் சுற்றுவட்டாரக் காட்டையே வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அங்கே இருக்க வேண்டியது அடிக்கட்டைகள், சேறு, புகை, மரக்கட்டைக் குடிசைகள், தந்திக் கம்பங்கள். இப்போது என் மேசையில் மரம் நூற்றுக்கும் குறைவு, அடிக்கட்டை ஆயிரத்துக்கு மேல். அகத்திக் குச்சியை நறுக்கிச் செய்தவை.

பீரங்கிச் சண்டையை வைத்து மேசையை நிரப்புவதும் வேண்டாம். அந்த ரயில் சுமந்தது குதிரைத் தீவனம், ரொட்டிப் பெட்டி, வெடிமருந்து, கடிதம், திரும்பும்போது காயம்பட்டவர்கள். வட்டமாகப் பாதை போட்டு ரயிலைச் சுற்றவிட்டால் இந்தக் கதை செத்துவிடும். இரண்டு படகுகளைச் சேர்த்துப் பிணைத்து, மேலே எட்டுத் தண்டவாளம் போட்டு, சரக்கேற்றிய வண்டிகளை வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து 60 மைல் ஆற்று வழியே அக்வியாவுக்குக் கொண்டுவந்தார் ஹாப்ட். உங்கள் பாதையின் ஒரு முனையில் இப்படி எடுத்துவைக்கும் படகுப் பலகை ஒன்று இருந்தால், வண்டிகளை உள்ளே கொண்டுவரவும் வெளியே அனுப்பவும் தனி இடம் தேட வேண்டாம். மறுமுனையில் சரக்கை இறக்கி, காலி வண்டியை உடனே திருப்பி அனுப்ப வேண்டும். வண்டிகளைக் கிடங்கு போல நிறுத்திவைத்த அதிகாரிகளோடு ஹாப்ட் ஓயாமல் போராடியது இதற்காகத்தான். இந்த ஒரு விதியை வைத்து இரண்டு பேர் ஒரு மாலை முழுக்க ஓட்டலாம்.

கடைசியாக, மனிதர்கள். பொம்மைப் பாக்கெட்டில் வருவது நீலச் சட்டை வீரர்களும் வெள்ளைக்கார இன்ஜின் டிரைவரும். ரஸ்ஸலின் படங்களில் தண்டவாளத்தை நெம்புகிறவர்கள், கட்டை சுமக்கிறவர்களில் பலர் கறுப்பின மக்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து கூலிக்கு உழைத்தவர்கள். 1862இன் வசந்தத்திலும் கோடையிலும் ஆயிரக்கணக்கானோர் ராப்பஹானக் ஆற்றைக் கடந்து, இதே பாதையில் அக்வியா துறைக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி விடுதலைக்குப் போனார்கள். ஏப்ரல் 18 அன்று ஆற்றைக் கடந்த ஜான் வாஷிங்டன் அவர்களில் ஒருவர். இவர்களை விட்டுவிட்டு இந்தப் பாதையைக் கட்டுவது மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது. பொருத்தமான பொம்மைகள் கடையில் கிடைக்காது. வண்ணம் பூசாத உருவங்களை வாங்கி, கையை வெட்டி ஒட்டி, நாமே தீட்டிக்கொள்ள வேண்டும். இந்த மாதம் பன்னிரண்டு பேரை முடித்திருக்கிறேன். எட்டுப் பேர் பாலத்தடியில் கட்டை தூக்குகிறார்கள். நால்வர் கையில் சட்டியும் மண்வெட்டியுமாகத் துறையில் இருக்கிறார்கள், படகு கரைசேரும் இடத்தில்.